தராசு இருந்த இடம்

சான் ஹொசே, கோஸ்தா ரிக்கா
பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா சொராய்தாவுக்கு,

தம்பி பயார்தோ எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீயும், உன்னைவிட அதிகமாகப் புலம்பும் உன் முழங்காலும் நலம்தானே?

போனில் நான் கட்டைவிரல் படத்தைத் தவிர வேறெதுவும் அனுப்புவதில்லை என்று கோபித்துக்கொண்டு என் எண்ணை முடக்கிவிட்டாய். அதனால் காகிதம். எர்லிந்தா இந்த முறை கொண்டுவந்த பாலாடைக்கட்டியை விற்று முடித்துவிட்டு எல்லை தாண்டி ஊருக்குத் திரும்புகிறாள். அவளிடம் இந்தக் கடிதத்தையும் ஓர் அட்டைக்குழாயையும் கொடுத்தனுப்புகிறேன்.

குழாய்க்குள் இருப்பது நம் சான் புருனோ. நான் வேலை செய்யும் ஃபிரேம் கடையில் இப்போது இதுதான் மோகம். இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. ஊர்ப் பெயரைத் தட்டினால் தெருவெல்லாம் கோடாக வந்து நிற்கும். பின்னணிக்கு ஒரு நிறம், ஏரிக்கு ஒரு நிறம், எழுத்து எந்த வடிவம், எல்லாம் நாமே தேர்ந்தெடுக்கலாம். பெரிய தாளில் அச்சடித்துக் கண்ணாடி போட்டு மாட்டினால் ஓட்டைச் சுவர்கூடப் பணக்காரச் சுவராகிவிடும். பிழைக்க வந்திருக்கும் நம்மவர்கள் ஆளுக்கொரு ஊரை வாங்கிப் போகிறார்கள். நம் ஊரை யாரும் கேட்கவில்லை, நானே செய்துகொண்டேன். கருப்பில் தங்கக் கோடு. கூடத்தில் மாட்டு.

உப்பைக் குறைத்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

பாசமுள்ள தம்பி,
பயார்தோ


சான் புருனோ, நிகராகுவா
மார்ச் 3

என் ஒரே தம்பிக்கு (இன்னொருவன் இருந்திருந்தால் அவனுக்கு எழுதியிருப்பேன்),

தேவமாதா கிருபையில் உயிரோடு இருக்கிறேன். உன் நெஞ்செரிச்சல் எப்படி இருக்கிறது? எனக்கும் வந்திருக்கிறது, ஆனால் மாத்திரைக்கு அடங்கும் வகை இல்லை.

குழாய் வந்தது. எர்லிந்தா அதை பீரங்கி மாதிரித் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்ததால், நான் மூடியைத் திறப்பதற்குள் பாதித் தெரு என் கூடத்தில் நின்றது. விரித்தோம். ஒரே கருப்பு. யாரோ செத்துப்போன அறிவிப்பு என்று நினைத்து ஒருத்தி சிலுவைகூடப் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் தங்கக் கோடுகள் தெரிந்தன. ஏரி இளஞ்சிவப்பாக இருந்தது.

“ஏரிக்குக் காய்ச்சலா?” என்றாள் எர்லிந்தா.

“அது ஃபேஷன்” என்றேன், உன் மானத்தைக் காப்பாற்ற.

ஊர்ப் பெயருக்குக் கீழே வரிசையாக எண்கள் போட்டிருக்கிறாயே, அதை லாட்டரிக் குறிப்பு என்று நினைத்து இரண்டு பேர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். பரிசு விழாவிட்டால் என்னைத்தான் அடிக்க வருவார்கள்.

ஆனாலும் அழகாகத்தான் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டைத் தேடும்வரை அழகாக இருந்தது.

மாதாகோயில் இருக்கிறது. பேஸ்பால் மைதானம் இருக்கிறது. படகுத்துறை இருக்கிறது. நம் மூலையில் என்ன இருக்கிறது தெரியுமா? ‘லிசிமாக்கோ பல் மருத்துவமனை.’ பக்கத்தில் ஒரு குட்டிப் பல். அதுவும் தங்கத்தில்.

பயார்தோ, நீ எந்த ஊரில் பிறந்தாய்? இந்த ஊரில் தெருவுக்குப் பெயர் இல்லை, வீட்டுக்கு எண் இல்லை. பாதி ஊரின் விலாசம் நம் அப்பாவிடமிருந்துதான் தொடங்குகிறது. ‘தராசு இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கம் இரண்டு தெரு.’ ‘தராசு இருந்த இடத்திலிருந்து மலைப் பக்கம் ஒரு தெரு, பச்சைக் கதவு.’ சோளமும் பீன்ஸும் நிறுத்து வாங்கிய அந்தத் தராசு பழைய இரும்புக்குப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. தபால்காரன் இன்னும் அங்கிருந்துதான் எண்ணிக்கொண்டு நடக்கிறான். அந்த லிசிமாக்கோவின் கதவிலேயே என்ன எழுதியிருக்கிறது? ‘தராசு இருந்த இடத்துக்கு எதிரே.’ தன் கடையை அவனே நம் தராசை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறான். நீ தராசைப் பிடுங்கிவிட்டுப் பல்லை நட்டிருக்கிறாய்.

எனக்குப் புருஷன் நிலைக்கவில்லை. பிள்ளை இல்லை. நான் தைத்த ஜாக்கெட்டைப் போட்டவர்கள் இரண்டாம் முறை வருவதில்லை. எவெனோர் பல்டோதானோவின் மகள் என்பதும், ஊர் என் வாசலிலிருந்து தொடங்குகிறது என்பதும்தான் என்னிடம் மிச்சமிருக்கிற சொத்து. அதையும் ஒரு பல்லுக்குக் கொடுக்க முடியாது.

திருத்தி வேறு அனுப்பு. இதை நான் மாட்டப்போவதில்லை. கட்டிலுக்கு அடியில் குப்புறக் கிடக்கிறது.

ரோஸ்கியா பிஸ்கட் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். கோபத்தில் சுட்டது, கொஞ்சம் கடினமாக இருக்கும். பல் உடைந்தால் யாரிடம் போவது என்று உனக்குத்தான் தெரியுமே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
சொராய்தா


சான் ஹொசே
மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலமறிய ஆவல். ரோஸ்கியாவைக் காபியில் ஊறவைத்துத் தின்றேன்.

கோபப்படாமல் கேள். அந்தப் பக்கம் இணைய வரைபடத்தில் யார் என்ன ஏற்றியிருக்கிறார்களோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். லிசிமாக்கோ தன் பெயரை ஏற்றியிருக்கிறான். அப்பா ஏற்றவில்லை. நாமாக எதையும் சேர்க்க அதில் வழியில்லை. கம்ப்யூட்டரோடு சண்டை போட முடியாது அக்கா.

ஏரியை வேண்டுமானால் நீலமாக்கி அனுப்புகிறேன். வெயிலில் அலையாதே.

தம்பி,
பயார்தோ


சான் புருனோ
ஏப்ரல் 19

பொய்யன் பயார்தோவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். பொய் சொல்கிறவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறுவதில்லை. என்னுடையது ஏறியிருக்கிறது.

நகராட்சிக்குப் போயிருந்தேன். அங்கே வரவேற்பில் உன் கருப்பு வரைபடம் தொங்குகிறது, ஜன்னல் அளவுக்கு. நீ எங்கேயோ இணையத்தில் போட்டிருக்கிறாய். ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நகராட்சியில் விழா வேலையெல்லாம் பார்க்கிற நோர்லான் அதை அச்சடித்து மாட்டிவிட்டான். நான் பல்லுக்கு நேராகப் போய் நின்றேன்.

“என்ன சொராய்தாம்மா, படம் நல்லாருக்குல்ல?”

“நோர்லான், கம்ப்யூட்டர் பண்ணின தப்பை யாராலயும் மாத்த முடியாதாமே?”

“யாரு சொன்னா? இங்க பாருங்க.” அதே பக்கத்தைத் திறந்தான். இரண்டு தட்டு. என் பெயரை எழுதி, விரலால் இழுத்துக்கொண்டு போய் நடு ஏரியில் வைத்தான். “போதுமா? இன்னும் கொஞ்சம் ஆழத்துல வைக்கவா?”

சேர்க்க முடிகிறது. நீக்க முடிகிறது. இழுத்துக்கொண்டு போய் மூழ்கடிக்கவும் முடிகிறது. நீ செய்யவில்லை என்பதுதான் விஷயம். ஏன் என்று கேட்டால் ஏரியை நீலமாக்குகிறேன் என்கிறாய்.

இதோடு முடியவில்லை. அக்டோபரில் புனித புருனோ திருவிழாவுக்கு முன்னால் ஒவ்வொரு மூலையிலும் பீங்கான் ஓட்டில் பெயர்ப் பலகை பதிக்கப் போகிறார்களாம், வெளியூர்க்காரர்களுக்கு வழி தெரிவதற்கு. எதைப் பார்த்து? உன் வரைபடத்தைப் பார்த்து. அதாவது என் சுவரில், என் ஜன்னலுக்கு மேலே, நான் சாகும்வரை, அதற்கப்புறமும், ‘பல் மருத்துவமனை’ என்று இருக்கும். ஓடு சுட்டுப் பதித்துவிட்டால் யாரும் பெயர்த்தெடுக்க மாட்டார்கள். ஊரும் நாளடைவில் அங்கிருந்து எண்ணப் பழகிவிடும்.

இரண்டு தட்டு, பயார்தோ. நோர்லானுக்குத் திருத்தி அனுப்பு. ஏன் செய்யவில்லை என்பதையும் எழுது.

உன் நெஞ்செரிச்சலுக்கு எர்லிந்தாவிடம் கெமோமில் பூ கொடுத்திருக்கிறேன். கோபம் வேறு, வைத்தியம் வேறு.

சொராய்தா


சான் ஹொசே
ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே ஓயாத மழை. எனக்கு ஒன்றுமில்லை, நலம். உன் முழங்காலுக்கு ஈரம் ஆகாது, கவனமாக இரு.

அந்த மூலையில் லிசிமாக்கோ பெயரே இருக்கட்டும் அக்கா. நல்ல மனிதன். ஊருக்கும் பயன்படுகிறான். அந்தத் தராசு போய்விட்டது; போனது போகட்டும். எனக்காக விட்டுவிடு.

கெமோமில் கேட்டது.

பயார்தோ


சான் புருனோ
ஜூலை 9

பயார்தோவுக்கு,

நலம். நீ நலமா என்று வழக்கப்படி கேட்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருந்ததற்கு ஏழு வரி. அதில் இரண்டு மழையைப் பற்றி.

‘போனது போகட்டும்’ என்று சொல்ல உன்னைவிடத் தகுதியானவன் யார்? அப்பாவுக்கு ஒன்பது நாள் ஜெபம் முடிந்து நான் லெயோனுக்கு, என் அருமைப் புருஷன் வீட்டுக்குத் திரும்பினேன். ஒரு வாரத்தில் சேதி வருகிறது: பயார்தோ தராசை இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டான். அப்பாவின் சட்டைகள் கொடியில் காய்ந்தபடியே கிடந்தன. அப்புறம் அந்தப் புருஷன் என்னை நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடைக்காரிக்காக விட்டுவிட்டுப் போய், நான் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தபோது, கதவில் பூட்டுத் தொங்கியது, நீ இல்லை. ஆனால் ஊர் என்ன சொன்னது தெரியுமா? நாம் சின்னவர்களாக இருந்தபோது வெறும் ‘எவெனோர் மூலை’ என்றார்கள். இப்போது ‘தராசு இருந்த இடம்’ என்றார்கள். செத்த மனிதருக்கு ஒரு மரியாதை. அதைக் கேட்டுத்தான் அன்றைக்கு நான் கிணற்றுப் பக்கம் போகாமல் சமையலறைப் பக்கம் போனேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லியிருக்கக் கூடாது.

மகன் விட்டுக்கொடுக்கலாம். மகள் விட மாட்டாள். நோர்லானிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டேன். மாதாகோயில் மண்டபத்தில் ஊரைக் கூட்டிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஆகஸ்டில் கூட்டம். ஊர் முடிவு செய்யட்டும், நீ வேண்டாம்.

நன்றாக இரு. தூரத்திலேயே.

சொராய்தா


சான் புருனோ
ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. உயிரோடு இருப்பதாக எர்லிந்தா சொன்னாள், அதனால் எழுதுகிறேன்.

ஜெயித்துவிட்டேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. ஞாயிற்றுப் பூசைக்குக்கூட இவ்வளவு பேர் வருவதில்லை. பாதிரியாருக்கே கொஞ்சம் வருத்தம். நான் நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு போனேன், முதுகு ஊக்கு மாட்டாததால் சால்வையோடு. பேசுவதற்கு மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். தேவையே படவில்லை. நோர்லான் எழுந்து, “எவெனோர் மூலைக்கு என்ன பேரு வைக்கலாம்? பல் மருத்துவமனையா, தராசு இருந்த இடமா?” என்றான்.

எல்லாக் கையும் தராசுக்குத்தான் உயர்ந்தது. மலையோரத்துச் சோளக்காரக் கிழவர்கள் ஊன்றுகோலையே உயர்த்தினார்கள். எல்லோருக்கும் முதலில் உயர்ந்த கை யாருடையது தெரியுமா? லிசிமாக்கோவுடையது. நான் அந்த மனிதனை இத்தனை மாதமாகப் பல்புடுங்கி என்று வைததற்காக மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

இப்போது சொல், யாருக்கு அப்பாவைத் தெரியும்? உனக்கா, ஊருக்கா?

திருவிழா அன்று பலகை திறப்பு. என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறாயா? வரமாட்டாய். இளைத்திருக்கிறாயாமே. எதையாவது சமைத்துத் தின்னு.

அக்கா


சான் ஹொசே
செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இதைத் தனியாக இருக்கும்போது படி.

எல்லாக் கையும் உயர்ந்தது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

நீ லெயோனுக்குப் போன பிறகு தராசை விற்றேன். இரும்புக்காரனால் அதை முழுதாக வண்டியில் ஏற்ற முடியவில்லை. நம் வாசலிலேயே போட்டு உடைத்தான். தண்டின்மேல் நகர்கிற குண்டு இருக்குமே, அப்பா யாரையும் தொடவிடாத குண்டு, அது பிளந்தது. உள்ளே ஈயம். குடைந்து, உருக்கி ஊற்றி, மேலே கருப்புப் பூசி மறைத்திருந்தது. குண்டு கனத்தால் சின்ன எண்ணிலேயே தண்டு நேராக நின்றுவிடும் அக்கா; மூட்டை குறைவாகக் காட்டும். ஒரு மூட்டைக்கு இல்லை, ஒரு வருடத்துக்கு இல்லை. நாம் பிறப்பதற்கு முன்னாலிருந்தே.

சோளம் கொண்டுவந்து போட்டவர்கள்தான் சுற்றி நின்றார்கள். ஒருவர் அந்த ஈயத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம். அப்படியே எல்லாக் கையும் சுற்றிவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தது. ‘உங்க வீட்டுப் பொருள்’ என்றார் அதைக் கொடுத்தவர். அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன்.

‘தராசு இருந்த இடம்’ என்று ஊர் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அது மரியாதை இல்லை.

உன்னிடம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். சொல்லவில்லை என்று தெரிந்தபோது எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் படத்தில் எழுத்தை இழுத்து அங்கே வைக்க விரலும் போகவில்லை. பல் இருந்தால் ஊர் மெதுவாக மறந்துவிடும் என்று நினைத்தேன்.

திருவிழாவில் பேசாதே. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. எர்லிந்தா நாளைக்குப் புறப்படுகிறாள். திருவிழாவுக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும்.

என்னைத் திட்டு. உடம்பைப் பார்த்துக்கொள்.

பயார்தோ


சான் புருனோ
அக்டோபர் 7

அன்புள்ள தம்பிக்கு,

மிக நலம். முழங்கால்கூட இன்று வாயை மூடிக்கொண்டிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? எர்லிந்தா இன்னும் வந்து சேரவில்லை. அதனால் இதைப் பஸ் டிரைவரிடம் கொடுக்கிறேன். இந்தச் சேதியை வயிற்றுக்குள் வைத்திருக்க என்னால் முடியாது.

நேற்றுப் பலகை திறந்தோம். பாண்டு வாசித்தார்கள், வெடி போட்டார்கள், புனித புருனோவைத் தூக்கி வந்தவர்கள் நம் மூலையில் இறக்கி வைத்து இளைப்பாறினார்கள். வெள்ளை ஓட்டில் நீல எழுத்து: ‘தராசு இருந்த இடம்.’ நான் நாற்காலியில் ஏறித் துணியை இழுத்தேன். இரண்டு பேர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் என்னை.

பேசினேன். உன் அக்காவுக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்கே தெரியாது. “இந்த ஊர்ல ஒரு மூட்டை சோளம்கூட எங்க அப்பா கைப்படாம போனதில்லை” என்றேன். கைதட்டினார்கள். “உங்க ஒவ்வொருத்தர் உழைப்புக்கும் என்ன எடைன்னு எங்க அப்பாவுக்குத்தான் தெரியும்” என்றேன். அதற்கு என்ன கைதட்டு, பயார்தோ. ஓயவே இல்லை. பின்வரிசைக் கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், தோள் குலுங்கக் குலுங்க. பாண்டுக்காரன் ஒருத்தன் டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டான். ஆனந்தம் தாங்கவில்லை போலிருக்கிறது. லிசிமாக்கோ மட்டும் தட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்சம் பொறாமை இருக்கத்தானே செய்யும்.

நீ பார்த்திருக்க வேண்டும். இப்போது உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜெயித்தவர்களுக்கு அது ஒரு வசதி. வாழையிலையில் பொதிந்து நக்கத்தமால் செய்தபோது உன் பங்கையும் நானே தின்றேன்.

வெற்றிவீராங்கனை,
உன் அக்கா


சான் ஹொசே
அக்டோபர் 13

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. எர்லிந்தா புறப்படுகிற அன்றே இங்கே மகள் வீட்டுப் படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டிருக்கிறாள். உன் கடிதம் வந்த பிறகு தேடிக்கொண்டு போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. என் செப்டம்பர் கடிதம் அவள் பையிலேயே இருக்கிறது. திருப்பிக் கேட்டேன், உன் கையில்தான் கொடுப்பேன் என்கிறாள்.

அவள் வந்ததும் உட்கார்ந்து படி. வாசலில் நின்று படிக்காதே.

நலமாக இரு.

பயார்தோ


சான் புருனோ
நவம்பர் 2

பயார்தோவுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ நன்றாக இருந்தால் எனக்கு எரியும். இல்லையென்றால் கவலையாக இருக்கும். இரண்டுக்கும் இப்போது என்னிடம் இடமில்லை.

எர்லிந்தா ஊன்றுகோலோடு வந்தாள். உட்கார்ந்துதான் படித்தேன். படித்து முடித்தபோது அவள் சர்க்கரை இல்லாத என் காபியை எனக்கு முன்னாலேயே குடித்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு இது தெரியுமா?” என்றேன்.

“ஊருக்கே தெரியும்மா. அந்த ஈயத்தை நானும்தான் கையில வச்சுப் பாத்தேன்.”

“இத்தன வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ தெரிஞ்சுக்கிட்டே திமிரா இருக்கேன்னு நெனச்சோம். எங்களுக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. உனக்குத் தெரியாதுங்கறது நீ நாற்காலியில ஏறிப் பேசினப்பதான் எல்லாருக்கும் புரிஞ்சுதாம். ஊர்ல இருக்கிற எம் சின்ன மக போன்ல சொன்னா.”

நீ செய்ததைப் பார்த்தாயா? அப்பா ஊருக்குச் செய்ததை நீ எனக்குச் செய்திருக்கிறாய். எனக்கு வரவேண்டியதைக் குறைத்துக் கொடுத்திருக்கிறாய், வருடக்கணக்காக, பாசத்தோடு. இந்த ஊரிலேயே தன் விலாசத்துக்கு அர்த்தம் தெரியாத ஒரே ஆள் நான்தான். அதையும் நாற்காலிமேல் ஏறி நின்று சொல்லியிருக்கிறேன்.

நேராக லிசிமாக்கோவிடம் போனேன். வாய்க்குள் கருவியோடு ஒரு ஆள் அண்ணாந்து படுத்திருந்தான், நான் காத்திருக்கவில்லை.

“உங்க பேரை அந்த மூலைக்குப் போடுறேன்னு சொன்னப்ப நீங்க ஏன் சார் தராசுக்குக் கை தூக்கினீங்க?”

அவர் கையுறையைக் கழற்றினார். “அங்க என் பேரு வேண்டாம் சொராய்தா. எங்கப்பா சோளம் அந்தத் தராசுலதான் ஏறுச்சு. அவரு கணக்குத் தெரியாதவருன்னு எங்கம்மா சாகறவரைக்கும் அவரைத் திட்டினாங்க. அவரு கொண்டுபோன மூட்டை சரியாத்தான் இருந்திருக்கு. அந்த இடத்துக்கு அந்தப் பேருதான் இருக்கணும்.” அப்புறம் மெதுவாக, “நீங்க பேசினப்ப நான் சிரிக்கல” என்றார்.

படுத்திருந்தவன் வாயைத் திறந்தபடியே தலையாட்டினான். அவனும் சிரிக்கவில்லை என்று சொல்கிறானா, சிரித்தேன் என்கிறானா, தெரியவில்லை.

மறுநாள் நோர்லான் ஏணியோடும் உளியோடும் வந்தான். ஊர் பேசி முடிவு செய்ததாம். எனக்குக் கஷ்டமாக இருந்தால் ஓட்டை எடுத்துவிட்டு ஒரு பூப்படம் பதித்துவிடுகிறார்களாம். இவ்வளவு காலம் சிரித்த ஊருக்கு இப்போது என்மேல் இரக்கம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“ஏணியை எடு” என்றேன். “அந்த ஓட்டுல உளி பட்டுச்சுன்னா உன்னைப் பூப்படமா பதிச்சுடுவேன்.”

அவன் ஏணியை எடுத்துக்கொண்டு போனான்.

இன்று கல்லறைத் திருநாள். எல்லோரும் வாளியும் துடைப்பமும் பூவுமாகப் போனார்கள். நானும் போனேன். அப்பாவின் கல்லைக் கழுவினேன், ஏனென்றால் அழுக்காக இருந்தது. பூ வைக்கவில்லை. கூட்டத்துக்கு நான் எழுதி வைத்திருந்த அந்த மூன்று பக்கத்தில் இல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கேட்கட்டும், அவர்களுடைய சோளமும் அதில் இருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண், வெளியூர், கன்னம் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. பல் டாக்டர் வீடு எங்கே என்று கேட்டாள். என் வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது: “தராசு இருந்த இடத்துக்குப் போங்க, அதுக்கு எதிர்ல.” சொன்ன பிறகுதான் நின்றேன்.

“எந்தத் தராசு?” என்றாள்.

சுற்றிலும் ஆட்கள். எர்லிந்தா. தபால்காரன். மலையோரத்துக் கிழவர் ஒருவர், வாளியோடு.

“எங்க அப்பாவோடது” என்றேன். “கள்ளத் தராசு. இந்த ஊர்ல எல்லாரையும் ஏமாத்தினது. நேராப் போங்க, சுவத்துல எழுதியிருக்கும்.”

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். யாரும் சிரிக்கவில்லை. கிழவர் வாளியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு, “வர்றேன் சொராய்தா” என்றார். இத்தனை வருடத்தில் அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் முறை. அதுவரை எவெனோர் மகள்.

நீ இப்போது கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார். பல்லை எதிர்ப்பக்கம் நகர்த்து, அதன் இடம் அதுதான். நம் மூலையில் எழுத வேண்டியதை எழுது, மாதாகோயில் எழுத்தைவிடச் சின்னதாக இல்லாமல். தங்கம் வேண்டாம். அச்சடித்துக் கொடுத்தனுப்பாதே. நீயே கொண்டுவந்து, ஆணியடித்து, என் கூடத்தில் மாட்டு. பஸ் நிறுத்தத்தில் யாராவது எங்கே போகிறாய் என்று கேட்டால், அந்த விலாசத்தை உன் வாயால் சொல்லிவிட்டு வா.

அதுவரை உன்மேல் கோபத்தோடு,
சொராய்தா
தராசு இருந்த இடம், மூலை வீடு